தோல் நலம்: வாசகர் கேள்வி பதில்

திருநங்கைகளும் திருநம்பிகளும் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) அனுப்பிய கடிதங்கள் இந்த இதழுக்கு வேண்டிய அளவு சேர்ந்துவிட்டதால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். தோல் வியாதிக்காக எழுதித் தரப்படும் மருந்தும் ஏற்கெனவே உடலில் இருக்கும் ஹார்மோன் மருந்தும் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்பதே ஏறக்குறைய எல்லாக் கடிதங்களின் சாரமும். கேட்டவர்களின் பெயரை வெளியிடவில்லை. பதிலைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் பேசுவதற்கான விவரமாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் 24 வயதுத் திருநம்பி. எட்டு மாதங்களாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். முகம், முதுகு, தோள்பட்டை எல்லாம் கட்டி கட்டியாகப் பருக்கள். தோல் மருத்துவர் ஐசோட்ரெடினாயின் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். ஆதாரில் ஆண் என்று இருப்பதால் அவர் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இணையத்தில் படித்த பிறகு பயமாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்துவதா, ஊசியை நிறுத்துவதா?
— கோயம்புத்தூர் வாசகர்

பருவுக்காக ஊசியை நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதால், ஊசி தொடங்கிய முதல் ஆண்டில் பரு அதிகரிப்பது எதிர்பார்க்கக் கூடிய ஒன்று. பலருக்கு அதன் பிறகு அது தானே தணிகிறது. ஆனால் நீங்கள் விவரிப்பது போல ஆழமான கட்டிகளாக வருபவை தழும்பை விட்டுச் செல்லும் என்பதால், அவற்றைக் காலத்தோடு கவனிப்பது சரியே. இவ்வகைப் பருவுக்கு ஐசோட்ரெடினாயின் அளவுக்குப் பலன் தரும் மருந்து வேறில்லை. அந்தத் தேர்வில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. கேட்கப்படாமல் விடுபட்ட கேள்விகள்தான் குறை.

அவற்றில் முதலாவது, கருப்பையும் சினைப்பைகளும் உங்கள் உடலில் இருக்கின்றனவா என்பது. ஐசோட்ரெடினாயின் உட்கொள்ளும் காலத்தில் கரு உண்டானால் குழந்தையின் மண்டையோடு, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் கடுமையான குறைகள் ஏற்படலாம். ஊசி தொடங்கிய சில மாதங்களில் மாதவிலக்கு நின்றுவிடுவதால் இனிக் கருத்தரிக்க வாய்ப்பில்லை என்று பல திருநம்பிகள் நினைத்துக்கொள்கிறார்கள். சில மருத்துவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அன்று. மாதவிலக்கு வராதபோதும் சினைமுட்டை வெளிப்படலாம். எனவே விந்தணு உள்ள துணையுடன் உடலுறவு கொள்ளும் வாய்ப்பு இருக்குமானால், மாத்திரை தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனையும், தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிறுத்திய பின் ஒரு மாதம் வரை நம்பகமான கருத்தடையும் கட்டாயம் தேவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு, ஹார்மோனே இல்லாத காப்பர்-டி இருக்கிறது. துணைக்கு விந்தணு இல்லை என்றாலோ, கருப்பை அகற்றப்பட்டுவிட்டது என்றாலோ இந்தக் கவலை இல்லை. அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் தேவையற்ற பரிசோதனை மிச்சமாகும். உங்களைப் பொறுத்தவரை, கருத்தரிக்கும் வாய்ப்பு இருக்கிறது என்றால் மருத்துவரைப் பார்க்கும் வரை அடுத்த மாத்திரையை விழுங்காதீர்கள். இல்லையென்றால் அவசரப்பட வேண்டியதில்லை, ஆனால் இந்த வாரத்திற்குள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இந்த மருந்தை வழங்குவதற்கென்றே 2006 முதல் நடைமுறையில் உள்ள ஐபிளெட்ஜ் என்ற கட்டுப்பாட்டுத் திட்டம், நோயாளிகளை ஆண், பெண் என்றே பதிவு செய்துவந்தது. ஆண் என்று பதிவான திருநம்பிக்குக் கர்ப்பப் பரிசோதனை விட்டுப்போனது. பெண் என்று பதிவு செய்தாலோ அவருடைய அடையாளம் மறுக்கப்பட்டது. 2021 டிசம்பரில்தான் ‘கருத்தரிக்கக் கூடியவர்’, ‘கருத்தரிக்க முடியாதவர்’ என்ற இரண்டே பிரிவுகளாக அதை மாற்றினார்கள். மருந்துக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான் என்பதைப் புரிந்துகொள்ளப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இரண்டாவது, இரத்தப் பரிசோதனை. ஐசோட்ரெடினாயின் டிரைகிளிசரைடு, கொலஸ்ட்ரால் ஆகியவற்றைக் கூட்டும். டெஸ்டோஸ்டிரோனும் கொழுப்பின் அளவுகளைக் கெடுக்கக் கூடியது. இரண்டும் சேரும்போது, வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு ஒன்றிரண்டு மாதங்களில் மறுபடி ஒரு முறை பார்ப்பது நல்லது. மது அருந்தும் பழக்கம் இருந்தால் இந்தக் காலத்தில் விட்டுவிடுங்கள். உதடு வெடிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் நேரும். மூக்கு உலர்ந்து இரத்தம் கசிவதும், உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குபவர்களுக்குத் தசைவலி வருவதும் உண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது. கொழுப்புச் சத்துள்ள உணவோடு எடுத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் ஏ கலந்த சத்து மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். இந்த மாத்திரையோடு டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் ஆகியவற்றைச் சேர்த்து எடுத்தால் மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் கூடி, கடுமையான தலைவலியும் பார்வைக் குறைவும் வரலாம். பழைய சீட்டில் மிச்சமிருக்கும் டாக்சிசைக்ளினைப் ‘பருவுக்குத்தானே’ என்று எடுத்துவிடாதீர்கள்.

மனச்சோர்வு பற்றியும் சொல்ல வேண்டும். ஐசோட்ரெடினாயின்தான் மனச்சோர்வை உண்டாக்குகிறது என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை என்றாலும், எச்சரிக்கை நீடிக்கிறது. வீட்டில் புரிதல் கிடைக்காமல், வேலையிடத்தில் ஏளனத்தைத் தாங்கிக்கொண்டு வாழும் ஓர் இளைஞருக்கு அந்த எச்சரிக்கை கூடுதலாகவே பொருந்தும். உங்களோடு அடிக்கடி பேசும் நண்பர் ஒருவரிடமாவது இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லிவையுங்கள். தூக்கம் கெட்டாலோ, பேச்சு குறைந்தாலோ முதலில் கண்டுகொள்பவர் அவராகத்தான் இருப்பார்.

மார்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், இந்த மாத்திரையைப் பற்றி அறுவை மருத்துவருக்கு முன்பே தெரிய வேண்டும். மாத்திரை நிறுத்தி ஆறு மாதம் கழித்தே எதையும் செய்ய வேண்டும் என்ற பழைய விதி, லேசர் போன்ற சிறிய சிகிச்சைகளுக்குத் தேவையில்லை என்று 2017இல் அமெரிக்கத் தோல் அறுவை நிபுணர்களின் கருத்தொருமிப்பு அறிக்கை கூறிவிட்டது. பெரிய அறுவைக்கு அந்தச் சலுகையை நீட்டிக்க முடியாது. அங்கே முடிவு உங்கள் அறுவை மருத்துவருடையது. அதுவரை மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டருக்கு உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் அணிவதும், இரவில் அதைக் கழற்றிவிடுவதும் முதுகுப் பருவை ஓரளவு அமைதிப்படுத்த உதவும். பென்சாயில் பெராக்சைடு களிம்பு தடவுபவர்கள் கவனிக்க: அது துணியின் சாயத்தை வெளுத்துவிடும், கறுப்புப் பைண்டர் புள்ளி புள்ளியாகிவிடும்.

பெண்களின் பருவுக்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோனை யாராவது உங்களுக்குப் பரிந்துரைத்தால், டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதை உடனே சொல்லுங்கள். ஆண் ஹார்மோன் வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்து அது. ஒரு கையால் ஊசி போட்டு, மறு கையால் அதன் பயனைத் தடுப்பதில் பொருளில்லை.

கேள்வி: டாக்டர் அம்மா, நான் திருநங்கை, வயது 36. எங்கள் திருநங்கை ஜமாத்தில் மூத்தவர்கள் சொல்லி, பல வருடமாக மாலா-டி கருத்தடை மாத்திரை தினமும் இரண்டு போடுகிறேன். கன்னம் இரண்டிலும் மங்கு வந்துவிட்டது. மருந்துக் கடைக்காரர் ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது வெயிலில் போனால் எரிகிறது, பூனைமுடியும் கூடிவிட்டது. போன மாதம் ஒரு கிளினிக்கில் டிரானெக்சாமிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். போடலாமா?
— விழுப்புரம் வாசகி

அந்த மாத்திரையை இன்றே தொடாமல் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, கொடுத்த மருத்துவரிடம் மாலா-டி போடுவதைச் சொல்லுங்கள். ‘நீங்களாக நிறுத்த வேண்டாம்’ என்று தொடக்கத்தில் எழுதியதற்கு இதுவும் ஒரு விதிவிலக்கு.

காரணத்தை விளக்குகிறேன். மாலா-டியின் ஹார்மோன் மாத்திரை ஒவ்வொன்றிலும் எத்தினைல் எஸ்ட்ரடயால் 30 மைக்ரோகிராமும், லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் வகைகளிலேயே இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து மிகுந்தது எத்தினைல் எஸ்ட்ரடயால். அதனாலேயே திருநங்கைகளுக்கான ஹார்மோன் சிகிச்சை வழிகாட்டுதல்கள் அதைக் கைவிட்டுவிட்டன. நீங்களோ கருத்தடைக்கான அளவைப்போல் இரு மடங்கு எடுக்கிறீர்கள். டிரானெக்சாமிக் அமிலம் செய்யும் வேலை, உறைந்த இரத்தம் கரைவதைத் தடுப்பது. பிரசவத்திலும் அறுவையிலும் உயிர் காக்கும் மருந்து அது. 250 மில்லிகிராம் அளவில் நாளைக்கு இரண்டு முறை கொடுத்தால் மங்கு மங்குவதும் உண்மையே. ஆனால் ஒரு மருந்து இரத்தத்தை உறையத் தூண்டும்போது, இன்னொன்று உறைந்ததைக் கரையவிடாமல் பிடித்துவைத்தால், கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தக்கட்டி உருவாகி நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்து கூடுகிறது. புகைப் பழக்கம், உடல் பருமன், குடும்பத்தில் யாருக்காவது இரத்தக்கட்டி வந்த வரலாறு ஆகியவை இருந்தால் இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கம் கைகால் மரத்தாலோ, நாளை பார்க்கலாம் என்று இருக்காமல் 108ஐ அழையுங்கள்.

இனிக் களிம்பு. நீங்கள் சொல்லும் அறிகுறிகள், வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்பை நெடுநாள் பூசியவர்களின் முகத்தில் நான் வாரந்தோறும் பார்ப்பவை: தோல் மெலிந்து சிவக்கும், நுண்ணிய இரத்த நாளங்கள் தெரியும், வெயில் பட்டால் எரியும், பரு கிளம்பும். கூடவே பூனைமுடி வளரும். முகமுடியை நீக்க லேசருக்கும் நூலுக்கும் காசு செலவழிக்கும் ஒரு திருநங்கைக்கு, முடியை வளர்க்கும் களிம்பையே விற்பது எத்தகைய கொடுமை என்பதைக் கடைக்காரர் அறிந்திருக்க மாட்டார். பூசுகிற ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதித்த பின்னும், பெட்டி பெட்டியாக அவை கைமாறுகின்றன. ஒரே நாளில் நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவந்து, ‘இந்தக் களிம்பு இல்லாமல் முடியாது’ என்ற எண்ணத்தை உண்டாக்கும்; அதனால்தான் பலர் திரும்பவும் அதையே வாங்குகிறார்கள். வீரியம் குறைந்ததற்கு மாற்றி, இடைவெளி விட்டுக் குறைத்து நிறுத்த ஒரு தோல் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். சிவப்பு அடங்கச் சில மாதங்கள் ஆகும். பெயரே இல்லாத டப்பாவில் வரும் ‘சிவப்பழகு’ களிம்புகளோ வேறு கதை: 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பாதரசம் கலந்த அத்தகைய களிம்பைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகத்தில் புரதம் கசியும் நோய் கண்டறியப்பட்டது.

மங்குக்கு ஈஸ்ட்ரோஜனும் ஒரு காரணமே. ஆயினும் ஹார்மோனை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன்; அது உங்கள் வாழ்க்கையில் எதைத் தாங்கி நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். வகையை மாற்றச் சொல்கிறேன். உட்சுரப்பியல் மருத்துவரின் மேற்பார்வையில் எஸ்ட்ரடயாலுக்கு மாறினால் இரத்தக்கட்டி ஆபத்து குறையும். தோல் வழியே செல்லும் ஜெல், ஒட்டுப்பட்டை ஆகிய வடிவங்களில் இன்னும் குறைவு. இன்னொரு விஷயம்: மாலா-டியிலுள்ள லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு ஆண் ஹார்மோனின் சாயல் கொஞ்சம் உண்டு. பருவும் எண்ணெய்ப் பசையும் கூடுவதற்கு அது காரணமாகலாம். இரட்டிப்பாகப் போட்டால் பெண்மை இரட்டிப்பாகும் என்பது ஜமாத்தில் அன்போடு சொல்லப்படும் யோசனைதான், என்றாலும் அது தவறானது. சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை இராசாசி அரசு மருத்துவமனை ஆகியவற்றில் திருநர்களுக்கான பல்துறை மருத்துவப் பிரிவுகள் உள்ளன. மாறுவதற்கு அங்கிருந்தே தொடங்கலாம்.

இடைப்பட்ட காலத்தில் மங்குக்கு அசெலாயிக் அமிலக் களிம்பு போதும். அதைவிட முக்கியம் நிறம் கலந்த சன்ஸ்கிரீன். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் மங்குக்கு வெள்ளைச் சன்ஸ்கிரீனைவிட அதுவே பொருத்தமானது.

கேள்வி: ஈஸ்ட்ரோஜனோடு ஸ்பைரோனோலாக்டோன் 100 மில்லிகிராம் எடுக்கும் திருநங்கை நான். அக்னி நட்சத்திரத்தில் உடம்பெல்லாம் சூட்டுக் கட்டி. தெரு முனை கிளினிக்கில் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் கைகால் தளர்ந்து, நெஞ்சு படபடத்தது. உடம்பு சூடு என்று தினமும் மூன்று இளநீர் குடித்துவந்தேன். எதனால் இப்படி ஆனது?
— சென்னை வாசகி

பெரும்பாலும் உங்கள் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கிறது. கோட்ரைமாக்சசோலில் உள்ள டிரைமெத்தோபிரிம் என்ற மருந்தும் அதே வேலையை வேறு வழியில் செய்கிறது. இளநீரோ பொட்டாசியம் மிகுந்த பானம். நலமான சிறுநீரகம் மூன்று இளநீரைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. இரண்டு மருந்துகளும் வடிகாலை அடைத்திருக்கும்போதுதான் அது சுமையாகிறது. பொட்டாசியம் மிகுந்தால் தசை தளரும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். சில வேளைகளில் எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத்தை நிறுத்திவிடும். இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்து எடுத்த முதியவர்களிடம் திடீர் மரணம் கூடுவது வெளிநாட்டு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இளம் வயதினருக்கு ஆபத்து குறைவு என்றாலும், கட்டிக்கு டாக்சிசைக்ளின், செபலெக்சின், கிளிண்டாமைசின் என்று எத்தனையோ மாற்று இருக்கும்போது இந்தத் துணிச்சல் எதற்கு?

இன்னும் தளர்ச்சி இருந்தால் இன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பொட்டாசியம், கிரியாட்டினின், ஈசிஜி மூன்றும் பார்த்துவிடுங்கள். தளர்ச்சி போய்விட்டாலும் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்கள் முதல் ஆண்டில் மூன்று மாதத்திற்கு ஒரு முறை பொட்டாசியம் பார்க்க வேண்டும் என்பதே வழிகாட்டுதல். எனாலபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், ‘சோடியம் குறைவு’ என்று விற்கும் பொட்டாசிய உப்பு ஆகியவையும் இதே திசையில் தள்ளுபவை. இந்த மாத்திரை சிறுநீரைக் கூட்டுவதால் கோடையில் உடம்பில் நீர் குறைந்து தலைசுற்றலும் வரும். தண்ணீரும் மோரும் குடியுங்கள். இளநீரை எப்போதாவது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திருநங்கைகள் ‘நிர்வாணம்’ என்று சொல்லும் அறுவை முடிந்து விரைகள் அகற்றப்பட்டவராக இருந்தால், ஆண் ஹார்மோனைத் தடுக்கும் இந்த மாத்திரை இனியும் தேவைதானா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அறுவைக்குப் பிறகும் பழக்கத்தால் ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் உண்டு. ஸ்பைரோனோலாக்டோனுக்குப் பதில் சைப்ரோட்டிரோன் தரப்பட்டால் பொட்டாசியக் கவலை குறையும். ஆனால் அதற்குக் கல்லீரல் பாதிப்பும், அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் மூளையுறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் அபாயமும் இருப்பதால், 2020இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது.

கேள்வி: டெஸ்டோஸ்டிரோன் தொடங்கி ஒன்றரை ஆண்டு. மீசை இப்போதுதான் அரும்புகிறது. அதற்குள் முன்னந்தலை ஏறுகிறது. ஃபினாஸ்டிரைடு எடுக்கலாமா?
— திருச்சி வாசகர்

தலைமுடியைக் கொட்டச் செய்வதும், மீசை தாடியை முளைக்கச் செய்வதும் ஒரே பொருள்தான்: டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடல் உண்டாக்கும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன். ஃபினாஸ்டிரைடு அந்த மாற்றத்தைத் தடுப்பதால், தலையைக் காப்பாற்றும்போது தாடியின் வேகத்தையும், நீங்கள் எதிர்பார்க்கும் மற்ற உடல் மாற்றங்களையும் மட்டுப்படுத்தலாம். மாற்றங்கள் நிலைபெறும் வரை அதைத் தள்ளிவைக்கச் சொல்வதே என் வழக்கம். அதுவரை 5 சதவீத மினாக்சிடிலைத் தலையில் பூசலாம். முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிர்ந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய நான்கைந்து மாதமாவது ஆகும். அது முகத்தில் வழிந்து முடி வளர்த்தால் உங்களுக்கு மகிழ்ச்சியாகவே இருக்கக் கூடும். அதே காரணத்தால் திருநங்கைகள் மினாக்சிடில் மாத்திரையை யோசித்துத்தான் ஏற்க வேண்டும். முகம், கை எங்கும் முடி வளர்வதோடு கால் வீக்கமும் படபடப்பும் வரலாம். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் பூசிய தலையை அது நக்காமல் பார்த்துக்கொள்ளவும். மினாக்சிடில் பூனைக்கு விஷம்.

பின்னாளில் ஃபினாஸ்டிரைடு எடுப்பதானால், காம விருப்பம் குறைவதும் சிலருக்கு மனச்சோர்வு வருவதும் உண்டு. கருவிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியை அது கெடுக்கும் என்பதால், முதல் பதிலில் கருத்தடை பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கேள்வி: எஸ்ட்ரடயால் எடுக்கும் எனக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை. இட்ராகோனசோல் கொடுத்திருக்கிறார்கள். ஹார்மோனோடு மோதுமா?
— தூத்துக்குடி வாசகி

கொஞ்சம். எஸ்ட்ரடயாலைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை இட்ராகோனசோல் தடுப்பதால், ஹார்மோனின் அளவு சற்றே கூடி மார்பு வலி, குமட்டல், தலைவலி வரலாம். நிறுத்தியதும் சரியாகிவிடும். இதய பலவீனம் உள்ளவர்கள் இட்ராகோனசோலை எடுக்கவே கூடாது. பழைய மருந்தான கிரிசியோஃபல்வினும், காசநோய்க்குத் தினமும் தரப்படும் ரிஃபாம்பிசினும் எதிர்த்திசையில் செல்பவை. ஹார்மோனை வேகமாகச் சிதைத்து அதன் பயனைக் குறைக்கும். டெர்பினாஃபினுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பை மட்டும் அந்த இடத்தில் பூசாதீர்கள்: அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும், தொடையில் அழியாத வரிகள் விழும்.

கேள்வி: நான் ஒரு மருந்தாளுநர். திருநங்கை, திருநம்பியரிடம் ஹார்மோன் பற்றிக் கேட்டால் புண்படுவார்களோ என்று கேட்காமலே மருந்தைக் கொடுத்துவிடுகிறேன். எப்படிக் கேட்பது?
— திருநெல்வேலி வாசகர்

எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் யாரையும் தனியாகக் குறிவைத்ததாக ஆகாது. ‘இந்த மருந்து சில மாத்திரைகளோடு சேராது, ஹார்மோன், கருத்தடை, இரத்த அழுத்தம், வலி மாத்திரை எதுவும் எடுக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். ஐசோட்ரெடினாயின், மெத்தோட்ரெக்சேட், அசிட்ரெடின் சீட்டு வந்தால், ‘உங்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு இருக்கிறதா?’ என்பதை, கடையில் நிற்கும் மற்றவர் காதில் விழாதபடி கேளுங்கள். அசிட்ரெடினை நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது என்பதால், சொரியாசிஸுக்கு அதை வாங்கும் இளம் திருநம்பியிடம் இந்தக் கேள்வியை விழுங்கிவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் புண்படுத்துவதில்லை. காரணமின்றி உடலைத் துருவும் கேள்விதான் புண்படுத்துகிறது. படர்தாமரைக்குக் களிம்பு வாங்க வந்தவரிடம் அறுவை ஆகிவிட்டதா என்று விசாரிக்க வேண்டியதில்லை.

பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், கிரியாட்டினின் ஆகியவற்றின் இயல்பு அளவு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறாக அச்சிடப்படுகிறது. ஓராண்டாக டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பியின் ஹீமோகுளோபினைப் பெண்ணுக்குரிய அளவோடு ஒப்பிட்டால் ‘அதிகம்’ என்று சிவப்பு எழுத்தில் வரும். அவர் பயந்து ஊசியை நிறுத்துவார். ஆணுக்குரிய வரம்பையும் தாண்டினால்தான் அது கவனிக்க வேண்டியது.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களும் தெரிவிக்கலாம், மருந்து எடுத்தவரே தெரிவிக்கவும் செய்யலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் கிடைக்கிறது. முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்துகள் போதும். விவரம் இரகசியமாகவே வைக்கப்படும். கூடவே எடுத்துவந்த மருந்துகளை எழுதும் இடத்தில் ஹார்மோனின் பெயர், அளவு, எத்தனை மாதமாக என்பதை மறக்காமல் குறிப்பிடச் சொல்லுங்கள். அது இல்லாமல் போகும் தகவலால் அடுத்த நோயாளிக்குப் பயன் குறைவு. தயாரிப்புத் தொகுதி எண்ணையும் படிவம் கேட்கும் என்பதால், மாத்திரை தீர்ந்தாலும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொல்லி அனுப்புங்கள்.